ஓவன் இல்லாத வீட்டில் ரோஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்தப் பக்கம் போனாலும் கறிக்கடை முன்னால் கூட்டம் நிற்கும். வாங்கிப் போகும் கறியில் பெரும்பகுதி குழம்பாகும், மிச்சம் வறுவலாகும். கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ பிள்ளையின் பிறந்தநாளோ வந்தால் சில வீடுகளில் வேறோர் ஆசை எழும். முழுக் கோழியைத் துண்டு போடாமல், தோல் பொன்னிறமாகச் சிவந்து, சுற்றிலும் முறுகிய உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்து எல்லார் முன்னாலும் கொண்டுவர வேண்டும். ஆசை எழுந்த கையோடு ஒருவர் சொல்லிவிடுவார்: "அதுக்கு ஓவன் வேணுமே!"

ஓவன் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு விடை நாம் தினமும் பார்க்கும் ஒரு விஷயத்தில் இருக்கிறது. குழம்பில் ஒரு மணி நேரம் கொதித்த கறித்துண்டை வெளியே எடுத்துக் கழுவிப் பாருங்கள். வெளிறிப்போய்தான் இருக்கும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவோ இரண்டே நிமிடத்தில் சிவந்துவிடுகிறது. அடுப்பு ஒன்றுதான், தீயும் ஒன்றுதான். ஒரு மணி நேரத் தீ செய்யாததை இரண்டு நிமிடத் தீ எப்படிச் செய்தது?

தண்ணீர் வகுக்கும் எல்லை

தண்ணீர்தான் காரணம். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கொதிக்க ஆரம்பித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100-ஐத் தாண்டாது. கூடுதலாகத் தரும் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஆகவே குழம்பில் கிடக்கும் கறி ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த 100 டிகிரியிலேயே கிடக்கிறது.

உணவு சிவப்பதற்கு அந்தச் சூடு போதாது. புரதத்தின் சிறு கூறுகளான அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய பொருள்களாக மாறும். வறுத்த வாசனையும் பழுப்பு நிறமும் அவற்றிலிருந்து வருகின்றன. 1912-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மையார் இதை விவரித்து எழுதியதால் 'மையார் வினை' என்று பெயர். இங்கே நாம் 'சிவக்கும் வினை' என்றே அழைப்போம். குறைந்த சூட்டிலும் இது நடக்கும், ஆனால் மிக மெதுவாக. நம் கண்முன்னே, சமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டுமானால் ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். தோசைக்கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மாவுப் படலத்தில் தண்ணீர் சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால் அதன் சூடு விறுவிறுவென்று மேலேறுகிறது. கறியின் மேற்பரப்பிலும் ஈரம் இருக்கும்வரை சூடு 100-க்கு அருகிலேயே நிற்கும். ஈரம் போன பிறகுதான் சிவக்கத் தொடங்கும்.

இதே நியதி ஓவனுக்குள்ளும் பொருந்தும். உள்ளே காற்று 200 டிகிரியில் இருந்தாலும் கோழியின் தோல் காயும்வரை நிறம் மாறாது. அங்கே கோழியைச் சிவக்க வைப்பது வறண்ட சூடு. அந்த வறண்ட சூட்டை இரும்புக் கடாயும் கொஞ்சம் கொழுப்பும் நன்றாகவே தரும்.

முதலில் இறுகும், பிறகு இளகும்

சிவப்பது ரோஸ்டின் ஒரு பாதி. கறி பஞ்சு போல வேக வேண்டும் என்பது மறு பாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான சூழலைக் கேட்கின்றன. ஒன்றுக்கு ஈரமே ஆகாது, மற்றொன்று ஈரம் இல்லாமல் நடக்காது.

கறியில் இரண்டு வகைப் புரதங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது தசை நார்களில் இருப்பது. 60, 65 டிகிரியை எட்டும்போதே இது சுருங்கி, தன்னிடம் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். வேகத் தொடங்கிய கறி கொஞ்ச நேரத்தில் ரப்பராக இறுகுவது இதனால்தான். இரண்டாவது, அந்த நார்களைக் கட்டிப்போட்டிருக்கும் கொலாஜன். இதைப் பிணைப்புப் புரதம் என்போம். மூன்று இழைகளை முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது இதன் அமைப்பு. ஈரத்தோடு 70 டிகிரிக்கு மேல் வெகு நேரம் இருந்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து, வழவழப்பான ஜெலட்டினாகக் கரையும். ஆட்டுக்கால் பாயாவைக் குடித்தபின் உதடு ஒட்டுவதும், மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெட்டியாக உறைவதும் ஜெலட்டினால்தான்.

இறுகிப்போன கறியைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். இன்னும் பொறுத்தால் கட்டுகள் கரைந்து நார்கள் தனித்தனியாகப் பிரியும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது கோழியின் வயதைப் பொறுத்தது. வயது ஏற ஏற பிணைப்புப் புரத இழைகளுக்கு இடையே வலுவான குறுக்கு இணைப்புகள் உருவாகும். கறிக்கோழி ஏறக்குறைய 6 வாரத்தில் கடைக்கு வந்துவிடும். நாமக்கல் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த முட்டைக் கோழி வருவதோ ஒன்றரை ஆண்டு அல்லது அதற்கும் மேல் வாழ்ந்த பிறகு. பல நாட்களில் இதன் விலை கறிக்கோழியைவிடக் குறைவு. "ரப்பர் மாதிரி இருக்கும்" என்று பலர் ஒதுக்கிவிடுவதும் ஒரு காரணம். ஆனால் சுவைக்கு வேண்டிய ஜெலட்டினும் கொழுப்பும் இந்தக் கோழியிடம்தான் அதிகம். கைநிறையச் செலவழிக்க முடியாத குடும்பத்தின் ரோஸ்டுக்கு நான் முட்டைக் கோழியைத்தான் பரிந்துரைப்பேன்.

ஏழைகளின் சமையலை யோசித்த இருவர்

ஐரோப்பாவில் ரோஸ்ட் பணக்காரர் பண்டமாக இருந்த காலத்திலேயே ஏழைக்கும் நல்ல கறி கிடைக்க வேண்டும் என்று மெனக்கெட்ட அறிவியலாளர்கள் இருந்தார்கள். டெனிஸ் பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கனமான மூடிய பாத்திரத்தைக் காட்டினார். நீராவியை வெளியே விடாமல் அடைத்துவைத்து, தண்ணீரை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எலும்பைக்கூட இளக்கிக் காட்டியது அது. வீசி எறியும் எலும்பிலிருந்தும் சத்தான உணவு எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். இன்று நம் வீடுகளில் விசில் அடிக்கும் பிரஷர் குக்கர் அந்தப் பாத்திரத்தின் வாரிசு.

மற்றவர் ரம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன். அமெரிக்காவில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மியூனிக் நகரில் ஏழைகளுக்குச் சோறு போடும் பொறுப்பை ஏற்றவர். குறைந்த விறகில் நிறையப் பேருக்குச் சமைப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர். உருளைக்கிழங்கு உலர்த்தும் ஒரு சாதனத்தில் ஆட்டுத் தோள்கறியை வேகவைத்துப் பார்க்க ஒருமுறை அவருக்குத் தோன்றியது. மூன்று மணி நேரம் கழித்தும் வேகாததால் சூடு போதவில்லை என்று முடிவுகட்டி விட்டுவிட்டார். சமையல்காரர்கள் கறியை எடுக்காமல் இரவு முழுவதும் உள்ளேயே இருக்க விட்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் கறி அருமையாக வெந்து, தொட்டால் பிரியும் பதத்தில் இருந்தது. கறியை இளக்குவதற்குப் பெருந்தீ வேண்டாம், மிதமான சூடும் நீண்ட நேரமும் போதும் என்பதை அவர் அன்று கண்டுகொண்டார்.

ரயில் பாதையோரத்துச் சட்டி

இந்த அறிவை அடுப்படியில் தாங்களாகவே கண்டுகொண்டவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பெரம்பூர், ஆவடி வழியாகப் போகும் அந்தப் பாதையையும் அதையொட்டி வளர்ந்த பட்டறைகளையும் நம்பிப் பெரம்பூரிலும் அயனாவரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. பூந்தமல்லியில் ஆங்கிலேயப் படைமுகாமும் இருந்தது. ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிடும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டது. அதற்குரிய ஓவன், சம்பளத்தில் காலம் தள்ளும் ரயில்வே ஊழியர் வீட்டில் இல்லை.

அந்த வீட்டுப் பெண்கள் ரோஸ்டைச் சட்டிக்குள் கொண்டுவந்தார்கள். முழுக் கறியை உப்பு, மிளகு, பட்டை, கிராம்பு, காய்ந்த மிளகாயோடு கனமான சட்டியில் இட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் வெகு நேரம் வேகவைப்பார்கள். தண்ணீர் சுண்டியதும் அதே சட்டியில், கறியிலிருந்து உருகி வந்த கொழுப்பிலேயே புரட்டிப் புரட்டிச் சிவக்க விடுவார்கள். கறிக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் வெந்து சிவக்கும். மேலிருந்தும் சூடு வேண்டுமென்றால் மூடியின் மேல் தணல் போடுவார்கள், பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி. இன்றும் ஆங்கிலோ இந்தியச் சமையலில் 'பாட் ரோஸ்ட்' என்று அதற்குப் பெயர் இருக்கிறது.

ஓவன் ஒரே நேரத்தில் செய்ய முயலும் இரண்டு வேலைகளை அந்தச் சட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அதன் வேலை இளக்குவது, தண்ணீர் போன பிறகு சிவக்க வைப்பது. முட்டைக் கோழியைப் பொறுத்தவரை இந்த முறை ஓவனைவிடச் சிறந்தது என்றுகூடச் சொல்வேன். வயதான கோழியை ஒன்றரை மணி நேரம் வறண்ட ஓவனில் வைத்தால் மேலே சிவந்து உள்ளே ரப்பராக நிற்கும். ஓவன் ரோஸ்டுக்கு இளங்கோழியே வேண்டும்.

ஒரு கோழி, ஒரு கணக்கு

இப்போது ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டுக்கு ஒரு கோழியைச் சமைத்து, கேஸ் எவ்வளவு ஆகிறது என்று பார்ப்போம். சுத்தம் செய்தபின் 1.2 கிலோ நிற்கும் முட்டைக் கோழி, முழுசாக, தோலோடு. கடையில் தோலோடு வாங்கினால் தோல் உரித்ததைவிட விலை குறையும். ரோஸ்டில் தோல்தான் பாதிச் சொத்து. அதிலுள்ள பிணைப்புப் புரதம் ஜெலட்டினாகும், கொழுப்பு உருகிச் சமையல் எண்ணெயாகும், மிச்சம் முறுகி மணக்கும்.

முந்தைய இரவே 12 கிராம் உப்பை, அதாவது இரண்டு சின்னக் கரண்டியை, கோழியின் உள்ளும் புறமும் தேய்த்து மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். உப்பு முதலில் சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாறு உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளே திரும்பும். தோலும் காயும். வினிகரோ தயிரோ தடவும் பழக்கம் இருந்தால் சிவக்க வைக்கும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். புளிப்பு, சிவக்கும் வினையைத் தாமதப்படுத்தும். வெங்காயம் வதக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் சட்டென்று சிவப்பது இதற்கு நேர் எதிரான விளைவு.

மறுநாள் ஐந்து லிட்டர் குக்கரின் அடியில் நறுக்கிய வெங்காயத்தையும் இடித்த பூண்டையும் பரப்பி, அதன்மேல் கோழியை வைத்து, முழு மிளகு, பட்டை, கிராம்பு, நான்கு காய்ந்த மிளகாய், ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் சேர்க்கிறோம். ஒரு டம்ளர் என்பது 200 மில்லி. கோழி தன் பங்குக்கு இன்னும் 200 மில்லிக்கு மேல் சாறு விடும் என்பதால் அதற்கு மேல் தேவையே இல்லை.

குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். சூடு 10 டிகிரி கூடினால் வேகம் இருமடங்காகும் என்ற பொதுவான தோராயப்படி பார்த்தால் வேலை நான்கு மடங்கு வேகமாக நடக்கும். திறந்த சட்டியில் இரண்டரை மணி நேரம் கேட்கும் கோழிக்கு இங்கே 35, 40 நிமிடம் போதும். "எத்தனை விசில்?" என்ற கேள்வியை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள். தீயைக் கூட்டினால் பத்து விசிலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும், கோழி வெந்திருக்காது. ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்து உண்டாக்கிய நீராவியை வெளியேற்றுகிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரி.

கேஸ் ஒரு கிராம் எரிந்தால் சுமார் 46 கிலோஜூல் வெப்பம் வரும். நல்ல அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 30 கிலோஜூல், பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். கோழியையும் தண்ணீரையும் குக்கரையும் சூடேற்றி அழுத்தம் வரவைக்க ஏறக்குறைய 20 கிராம். சிம்மில் 40 நிமிடம் தக்கவைக்க 25 கிராம். பிறகு கால் லிட்டர் சாற்றைச் சுண்டவைக்க 20 கிராம். உருளைக்கிழங்கு வேகவும் எல்லாம் சிவக்கவும் இன்னொரு 25 கிராம். மொத்தம் 90 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு ரூபாய்க்கும் குறைவு.

இதே சமையலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டுப் பிறகு சுண்டவைக்கிறோம் என்று வையுங்கள். அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 10 கிராம் கேஸ் போதும். முழுவதும் ஆவியாக்கவோ 75 கிராம் வேண்டும். தண்ணீரைச் சூடாக்குவது மலிவு, ஆவியாக்குவதுதான் செலவு. இரண்டுக்கும் ஏழெட்டு மடங்கு வித்தியாசம். கவனிக்காமல் ஊற்றிய அந்த ஐந்து டம்ளர், சமையல் முழுவதற்குமான கேஸை ஏறத்தாழ இருமடங்காக்கிவிடும். ஒரு சிலிண்டரை 45 நாள் ஓட்டும் வீட்டுக்கு ஒரு நாளுக்குக் கிடைப்பதே 315 கிராம்தான்.

மின்சார ஓவனில் இதைச் செய்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் போகும் என்று கொள்ளலாம். அந்த வெப்பத்தில் கோழி தனக்கென எடுத்துக்கொள்வது, என் தோராயக் கணக்கில், ஆறில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் ஓவனின் சுவருக்கும் சமையலறைக் காற்றுக்கும்தான். மே மாதத்து ஆவடியில் அந்தச் சூட்டை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஓசை சொல்லும் வெப்பநிலை

குக்கரின் அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை ஒரேயடியாக விட்டால் கறிக்குள் இருக்கும் சாறும் அதே நொடியில் பொங்கிக் கொதித்து நாரைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அடங்கியதும் இரண்டு கரண்டிகளால் கோழியைத் தூக்கித் தட்டில் வைத்து ஆவி போகட்டும். மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். இப்போது துடைக்கும் ஒவ்வொரு துளியும் கேஸ் செலவழிக்காமல் போன தண்ணீர்.

சாற்றில் பாதியைக் கிரேவிக்கு ஒதுக்கிவிட்டு மீதியை, மேலே மிதக்கும் கொழுப்போடு, இரும்புக் கடாயில் ஊற்றி, இரண்டாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு மூடிவையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் இருக்கிறது என்றால் அதன் அடியில் தோசைக்கல்லை வையுங்கள். எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவதில் அலுமினியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மந்தம். தீ படும் இடம் மட்டும் கருகும், மற்ற இடம் வெளிறி நிற்கும். கல் அந்தச் சூட்டைப் பரவலாக்கிக் கொடுக்கும்.

கிழங்கு வெந்ததும் மூடியைத் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது சாறு கொதிக்கும் தளதளப்பு. அதுவரை கடாயில் 100 டிகிரிதான். சாறு சுண்டச் சுண்டக் குமிழ்கள் பெரிதாகிப் பிசுபிசுப்பாக வெடிக்கும், ஜெலட்டின் கெட்டிப்படுகிறது என்று பொருள். பிறகு ஓசை மாறிச் சடசடவென்று ஒலிக்கும். தண்ணீர் ஏறக்குறைய போய்விட்டது, கொழுப்பின் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. தெர்மாமீட்டர் இல்லாத சமையலறையில் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லும் கருவி இந்த ஓசை. பொரிக்கும்போது 'சத்தம் அடங்கியதும் எடு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் இதே அறிவியல் இருக்கிறது. சத்தம் என்பது தண்ணீர் ஆவியாகும் ஒலி. சத்தம் அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது, அதற்குமேல் சூடு ஏறிக்கொண்டே போகும்.

சடசடப்பு கேட்டதும் தீயை மிதமாக்கி, கிழங்கை ஓரம் ஒதுக்கி, கோழியை மார்புப் பக்கம் கீழே இருக்கும்படி இறக்க வேண்டும். இறக்கியபின் மூன்று நான்கு நிமிடம் தொடக்கூடாது. அவசரப்பட்டுக் கிளறினால் தோல் கடாயோடு ஒட்டிக்கொண்டு கிழியும். சிவந்து முறுகிய தோல் தானாகவே விட்டுவரும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கொழுப்பைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், கடாயைத் தொடாத இடங்களும் நிறம் பிடிக்கும். தணல் இல்லாத வீட்டில் மேலிருந்து சூடு தருவது இந்தக் கரண்டிதான்.

கிழங்குக்கு இதற்குள் இரட்டை ஆதாயம். அதன் மாவுச்சத்து சாற்றில் உப்பி வெந்திருக்கும். மேலே படிந்த ஜெலட்டினில் புரதமும் வெங்காயச் சாற்றில் சர்க்கரையும் இருப்பதால், அது தனியாக எண்ணெயில் வறுத்த கிழங்கைவிட ஆழமாகச் சிவக்கும். ஐந்து பேருக்கு 1.2 கிலோ கோழி தாராளம் இல்லை. ஒரு கிலோ கிழங்கு கோழியின் சுவையை வாங்கிக்கொண்டு அந்தக் குறையை ஈடுகட்டும். பட்ஜெட் இறுகும்போது நான் குறைப்பது கறியைத்தான், கிழங்கைக் குறைக்க மாட்டேன்.

கடைசியாகக் கடாயில் அடிப்பிடித்திருக்கும் பழுப்பைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். சிவக்கும் வினையின் சாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒதுக்கி வைத்த சாற்றை அதில் ஊற்றினால் அத்தனையும் கரைந்து கிரேவியாகும். மைதா, சோள மாவு எதுவும் வேண்டாம். ஜெலட்டினே கெட்டித்தன்மை கொடுக்கும்.

சாப்பிட்டு முடித்தபின் எலும்புகளுக்கும் வேலை இருக்கிறது. எலும்பின் முனைகளிலும் குருத்தெலும்பிலும் பிணைப்புப் புரதம் இன்னும் மிச்சமிருக்கும். அவற்றைத் தட்டிக் குக்கரில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் முக்கால் மணி நேரம் வைத்தால் மறுநாள் மிளகு ரசத்துக்கான சாறு கிடைக்கும். இதைச் சுண்டவைக்கத் தேவையில்லை என்பதால் 50 கிராம் கேஸுக்குள் முடிந்துவிடும்.